மிளகுச் சக்கரமும் நான் எழுதிய அறிக்கையும்

அஞ்சலை வரிசையை விட்டு ஓர் எட்டு முன்னால் வந்து நின்றாள்.

காலை ஏழு மணி இருக்கும். முதல்நாள் பெய்த மழையில் முற்றத்துச் சிமெண்டுத் தரை இன்னும் காயவில்லை. வேலை தொடங்குமுன் எல்லாரும் அங்கே வரிசை பிடித்து நிற்கவேண்டும். செனாவாங் தொழிற்பேட்டையில் அந்தக் காலத்தில் பல தொழிற்சாலைகளில் இருந்த வழக்கம்தான் அது. மெஷின் ஓட்டும் பெண்களுக்கு நீலச் சட்டை, நீலத் தொப்பி. ஆய்வுக்கூடத்தில் இருந்த எங்களுக்கு வெள்ளைக் கோட்டு. நான் வெள்ளை வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தேன்.

மேனேஜர் லிம் ஒலிபெருக்கியில் மலாயில் பேசினார். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்தாகிவிட்டது என்றார். ஒருவர் விதியை மீறி, அரைத்த பழைய பிளாஸ்டிக்கைப் புதியதோடு கலந்திருக்கிறார். ஒன்பதாம் மெஷின். இன்றிலிருந்து அவருக்கு இங்கே வேலையில்லை.

பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. ஒன்பதாம் மெஷினில் நிற்பது யார் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"சாயா தா சம்போர், பொஸ்," என்றாள் அஞ்சலை. நான் கலக்கவில்லை என்று. குரலை உயர்த்தவில்லை. முதல் வரிசைக்குக் கேட்டிருக்கும், அவ்வளவுதான்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாக்கியம், நீ சொல்லுடி. நீதானே பாத்த."

நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். ஓரத்தில் ஈரமண் ஒட்டியிருந்தது. அந்த மண்ணின் நிறம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவள் எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று தெரியவில்லை. நான் தலை நிமிர்ந்தபோது அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காவலாளியின் கொட்டகையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். நடையில் அவசரமில்லை.

அவளை வெளியே அனுப்பிய அறிக்கையை எழுதியது நான்.

இந்தப் பத்திரிகைத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து அஞ்சலையைப் பற்றி எழுதுவதை ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். லோபாக்கில் தங்கியிருந்த அறையைப் பற்றி எழுதினேன், தொழிற்சாலை வேனைப் பற்றி எழுதினேன். ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார்: "உங்களோடு அந்த அறையில் இருந்தது யார்? அவரைப் பற்றி ஒன்றுமே காணோமே." கூர்மையாகப் படிக்கிறவர். இந்த வாரம் அவருக்காக எழுதுகிறேன்.

ஒரே லயத்துப் பெண்கள்

ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அஞ்சலை வீடும் எங்கள் வீடும் ஒரே லயத்தில், நீளமான ஒரே வரிசை வீட்டில், இருந்தன. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம்.

அவள் என்னைவிட இரண்டு வயது பெரியவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டு, அவள் அம்மாவுக்குத் துணையாகப் பால்வெட்டப் போனாள். நான் ரெம்பாவில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் என் அண்ணன்மார் இரண்டு பேர் சம்பாதித்தார்கள். அவள் வீட்டில் அப்பா இல்லை.

எழுபதுகளின் கடைசியில் செனாவாங் தொழிற்சாலைகளின் வேன்கள் தோட்டத்துக்கே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கின. முதல் வேனிலேயே ஏறியவள் அஞ்சலை. ஒரு வருஷம் கழித்து என்னைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதும் அவள்தான். "இந்தப் பிள்ள இங்கிலீஷ் படிப்பா, சார். மைக்ரோஸ்கோப்ல உக்காத்தி வைங்க," என்று தனக்குத் தெரிந்த மலாயில் அதிகாரியிடம் சொன்னாள். அந்தக் கருவியின் பெயரை அவள் எங்கே கேட்டாளோ தெரியாது. நான் அதற்கு முன் கேட்டதில்லை.

லோபாக்கில் ஒரு கடைக்குப் பின்புறம் அறை எடுத்துச் சேர்ந்து தங்கினோம். தோட்டத்தில் இருந்தவரைக்கும் எங்கள் தலைமுடியில் ரப்பர்ப் பாலின் புளித்த வாடை போகவே போகாது. செனாவாங்குக்கு வந்ததும் வேறு வாடை ஒட்டிக்கொண்டது. உருகிய பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் காரமான நெடி. மூக்கைக் குத்தும், கண்ணில் நீர் வரவைக்கும். "வெங்காயம் உரிக்காமலே அழுவுறோம் லா," என்பாள் அஞ்சலை.

மிளகு

அவள் மெஷினில் செய்தது ஒரு பல்சக்கரம். புகைப்படக் கேமராவுக்குள் போவது. மிளகைவிடச் சற்றுச் சிறியது. அதனால் எல்லாரும் அதை மிளகு என்றே சொன்னார்கள். உள்ளங்கையில் நூறு மிளகு வைத்தாலும் கனம் தெரியாது. அந்த அளவுக்குள் பற்கள் இருந்தன, நடுவில் அச்சாணி போக ஓர் ஓட்டை இருந்தது.

செய்யும் முறை கேட்க எளிது. வெள்ளைக் குருணையாக வரும் பிளாஸ்டிக்கைக் கூழாகும்வரை உருக்கி, மோல்டு என்னும் இரும்பு அச்சுக்குள் ஊசி போடுவதுபோல வேகமாகச் செலுத்தவேண்டும். உள்ளே உறைந்ததும் மோல்டு திறக்கும். சாமான் விழும்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. சாமான் மிளகளவு. ஆனால் கூழ் மோல்டுக்குள் ஓடிவரும் பாதையும் சேர்ந்து உறைந்து, விரல் நீளத்துக்கு ஒரு குச்சியாக வெளியே வரும். செலுத்தும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி அந்தக் குச்சிக்குத்தான் போகும். மற்ற மெஷின்களில், பெரிய மூடி, பெட்டி செய்கிற இடங்களில், அந்தக் குச்சிகளை அரைத்துப் புதியதோடு கொஞ்சம் கலந்து மறுபடி பயன்படுத்துவார்கள். மிளகுக்கு மட்டும் அது கூடாது. ஒன்பதாம் மெஷினில் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மிளகுகள் கப்பலேறி இரண்டு மாதம் கழித்து ஒரு டின் நிறையத் திரும்பி வந்தன. கேமராவுக்குள் பூட்டிய பிறகு விரிசல் விட்டு உடைந்துபோனவை. அந்த டின் என் மேசைக்கு வந்தது.

நான் அடித்த சொல்

உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இழுபட்டு முறிந்திருந்தால் ஓரம் நார் நாராக இருக்கும். இது பிஸ்கட் உடைந்ததுபோல மொட்டையாக முறிந்திருந்தது. என்னிடம் இருந்த கையேட்டில் அப்படி முறிவதற்கான காரணங்களில் முதலில் நின்றது, அரைத்த பழைய பிளாஸ்டிக் கலந்திருப்பது.

அதே வாரம் ஒன்பதாம் மெஷினுக்குப் பக்கத்தில் அரைத்த குச்சித்தூள் ஒரு மூட்டை கிடந்ததை யாரோ மேனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். அது பக்கத்து மெஷினுக்கு வந்த மூட்டை, இடமில்லாமல் இங்கே வைத்தார்கள் என்று அஞ்சலை சொன்னாள். உண்மையும் அதுதான். ஆனால் என் கையில் இப்போது இரண்டு விஷயம் இருந்தது, ஒன்றோடொன்று பொருந்தியும் இருந்தது.

"பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக் கலந்ததால்" என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனேன்.

லிம் படித்தார். அவர் கெட்டவர் அல்ல. தலைமையகத்திலிருந்து நாளுக்கு மூன்று தடவை போன் வந்துகொண்டிருந்த நேரம் அது.

"பெரும்பாலும் என்றால் என்ன? அவர்களுக்கு நான் என்ன பதில் எழுதுவது? ஆமாவா, இல்லையா?"

"வேறு காரணமும் இருக்கலாம், மிஸ்டர் லிம்."

"வேறு காரணம் ஏதாவது கண்டுபிடித்திருக்கிறாயா?"

"இல்லை."

"அப்புறம்?"

நான் அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அடிக்கவைக்கவில்லை. அப்போது எனக்குப் பதவி உயர்வுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்துத்தான் அடித்தேனா என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலைதான் முற்றத்தில் அது நடந்தது.

வேலை முடிந்து நான் அறைக்கு வந்தபோது அவள் பெட்டி இல்லை. கொடியில் அவள் துணி இல்லை. அன்று சமையல் அவள் முறை. வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு பேருக்கும் வடித்த சோறு சட்டியில் மூடியபடி இருந்தது, பக்கத்தில் சார்டின் மீன் சம்பல். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். பசித்தது.

சீவிப் பார்த்தபோது

அஞ்சலை போய் மூன்று மாதம் ஆனது. ஒன்பதாம் மெஷினுக்கு வேறு பெண் வந்தாள். மெஷினைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, மூட்டை எதுவும் அதற்குள் வரக்கூடாது என்று ஆணை போட்டார்கள். இரண்டாவது டின் திரும்பி வந்தது. அதிலிருந்தவை முழுக்க அந்தப் புதிய பெண் செய்தவை.

டின்னைத் திறந்து மேசைமேல் கொட்டினேன்.

இந்தத் தடவை உடைந்தவற்றை ஒவ்வொன்றாக ஒரே திசையில் அடுக்கிவைத்தேன். கூழ் உள்ளே நுழைந்த இடத்தில் சிறு தழும்பு இருக்கும். அந்தத் தழும்பை எல்லாவற்றிலும் இடப்பக்கமாக வைத்தேன். விரிசல் எல்லாம் வலப்பக்கத்தில், ஒரே இடத்தில் இருந்தது. முதல் டின்னில் மிச்சமிருந்ததையும் அடுக்கினேன். அதே இடம். பழைய பிளாஸ்டிக் கலந்திருந்தால் விரிசல் இப்படி இடம் பார்த்து வராது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மெல்லிய சீவல் எடுக்கும் கருவி ஒன்று இருந்தது. வாங்கி வைத்ததோடு சரி. அதைத் தொட்டவர்கள் குறைவு. என்னோடு வேலை செய்த மலாய்க்கார அக்கா காக் ரொகாயாவும் நானும் மிளகைப் பிசினில் அமிழ்த்தி உறையவைத்து, அந்தக் கருவியில் சீவினோம். முதல் இரண்டு நாளும் எல்லாம் பொடியாகப் போயிற்று. "சபார் லா, பாக்கியம், பொறுமை," என்று காக் ரொகாயா சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள், வெங்காயச் சருகைவிட மெல்லிசாக ஒரு சீவல் முழுசாக வந்தது.

அதை நுண்ணோக்கியில் வைத்தோம். சாதாரண வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஒளியை ஒரே வாட்டத்தில் மட்டும் விடும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துத் திருப்பவேண்டும். அப்போது இருட்டில் பிளாஸ்டிக்கின் உட்புறம் நிறம் நிறமாகத் தெரியும்.

ஒப்பிடுவதற்காக, அதே குருணையில் செய்த ஒரு பெரிய சக்கரத்தையும் சீவி வைத்திருந்தோம். ஓரத்தில் நூல்போல ஒரு பளிச்சென்ற கோடு. அதுதான் தோல். கூழ் குளிர்ந்த இரும்பைத் தொட்டவுடன், ஓடி வந்த வாக்கிலேயே இழுபட்டு உறைந்துபோன பகுதி. அதற்கு உள்ளே முழுக்க மணி மணியாக, ஒவ்வொரு மணிக்குள்ளும் கறுப்பில் ஒரு சிலுவைக் குறி. நிதானமாக ஆறிய பிளாஸ்டிக் அப்படித்தான் மணி கட்டும். சாமானுக்குப் பலம் தருவது அந்த மணிகள்தான்.

பிறகு மிளகைப் பார்த்தேன்.

மணியே இல்லை. அச்சாணி ஓட்டையைச் சுற்றிய குடத்தின் நடுவில் பொடிப்பொடியாகக் கொஞ்சம் இருந்தது. பற்களில் ஒன்றுகூட இல்லை. ஓரத்திலிருந்து உள்வரைக்கும் எல்லாம் அந்தப் பளிச்சென்ற கோடுகள்தான். பெரிய சக்கரத்தில் தோல் மெல்லிசு, உள் நிறைய. மிளகில் தோலே எல்லாம். உள் என்று ஒன்று உருவாக நேரமே கிடைக்கவில்லை. சாமான் அவ்வளவு சிறியது என்பதால் கூழ் இரும்பைத் தொட்ட கணத்திலேயே சூடெல்லாம் போய்விடுகிறது.

வலப்பக்கம், விரிசல் வரும் இடத்தில், ஒரு கரிய கோடு நின்றது. உள்ளே நுழையும் கூழ் நடு ஓட்டையைச் சுற்றிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து ஓடி, எதிர்ப்பக்கத்தில் வந்து சேரவேண்டும். சேரும்போது இரண்டு முனையும் ஆறிப்போயிருந்தால் ஒட்டியதுபோல் இருக்கும், ஒன்றாகியிருக்காது.

கப்பலின் வெக்கையில் மாதக்கணக்காகக் கிடக்கும்போது, மோல்டுக்குள் கட்டாத மணிகள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டத் தொடங்குகின்றன. அப்போது சாமான் சுருங்குகிறது. அச்சாணி சுருங்க விடுவதில்லை. அந்தக் கரிய கோட்டில் பிளந்துகொள்கிறது.

மெஷின்களைச் சரிப்படுத்தும் மணியத்திடம் போனேன். ஒன்பதாம் மெஷினின் மோல்டை எவ்வளவு சூட்டில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவன் மீட்டரைக் காட்டினான். மெஷினில் தொங்கிய விவர அட்டையில் எழுதியிருந்ததைவிட முப்பது டிகிரி குறைவு.

"கொறச்சாத்தான் சீக்கிரம் ஆறும். சீக்கிரம் ஆறுனாத்தான் ஒரு மணிக்கு நூறு எரநூறு கூட வரும். மேல இருந்து சொன்னாங்க, கொறச்சேன்," என்றான்.

"எப்ப சொன்னாங்க?"

"மொத டின்னு செய்றதுக்கு முன்னாடியே."

அவனை வைத்து இரண்டு வகை செய்யச் சொன்னேன். ஒன்று, புதுக் குருணை, குறைத்த சூடு. இன்னொன்று, பழைய தூள் கலந்தது, அட்டையில் இருந்த சூடு. இரண்டையும் ஒரு வாரம் சூட்டுப்பெட்டியில் வைத்து அச்சாணியில் பூட்டினோம். புதுக் குருணையில் செய்தவை ஒன்றன்பின் ஒன்றாக அந்த இடத்திலேயே பிளந்தன. பழைய தூளில் செய்தவை ஒன்றுகூட உடையவில்லை. சீவிப் பார்த்தால் பற்களுக்குள் மணி கட்டியிருந்தது.

அஞ்சலை கலந்திருந்தால்கூட மிளகு அதனால் உடைந்திருக்காது. அவள் கலக்கவும் இல்லை.

பதினொரு நாள்

அதன் பிறகு பதினொரு நாள் நான் யாரிடமும் அஞ்சலை பெயரை எடுக்கவில்லை.

சூட்டை ஏற்றவேண்டும் என்று மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மணியத்திடம் கொடுத்தேன். ஏற்றினான். மிளகு உடைவது நின்றது. வேலை நடந்தது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காக் ரொகாயா ஒன்றும் கேட்கவில்லை. சீவல்களைப் பெட்டியில் அடுக்கும்போது முதல் டின்னின் தேதியைத் தெரியும்படி எழுதி ஒட்டினார். ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் லீவு போட்டேன். நுண்ணோக்கியில் எடுத்த இரண்டு படங்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரெம்பாவுக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டார் அதற்கு முன்பே தோட்டத்தை விட்டு வந்துவிட்டார்கள். எனக்கு அங்கே போய் உட்கார வீடு இல்லை. அஞ்சலை மறுபடி பால்வெட்டுகிறாள் என்று வேனில் வரும் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். நேரே ரப்பர் மரங்கள் நிற்கும் வெட்டுக்காட்டுக்குப் போனேன். பத்து மணிக்கு மேல் ஆகியிருந்தது. அஞ்சலை மரம் மரமாகப் போய், மரத்தில் கட்டிய மங்குகளில் வடிந்திருந்த பாலை விரலால் வழித்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு. முழங்கை வரை கொசு கடித்த தடிப்பு.

"வாங்க," என்றாள்.

பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டவள்.

"அஞ்சலை, நீ கலக்கலங்கிறது தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க."

அடுத்த மரத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். படங்களை நீட்டினேன். அவள் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சம் விழும் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னா, மணி மணியா?"

"பெரிய சக்கரத்தோட உள்பக்கம்."

"இது?"

"மிளகு. உள்ள மணியே கட்டல. தோலு மட்டும்தான். மோல்டு சூடு பத்தல."

அவள் அதை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். படத்தின் ஓரத்தில் அவள் விரலிலிருந்த பால் ஒட்டிக்கொண்டது.

"நான் சொன்னேனே," என்றாள். "ரூம்புல, சோறு தின்னும்போது. முன்னெல்லாம் மோல்டுல மாட்டிக்கிற மிளக எடுத்தா வெரல சுடும், இப்ப சுடறதில்லன்னு. நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

சொல்லியிருந்தாள். அவள் சொன்னதும் அந்தச் சாயங்காலம் முழுசாக நினைவுக்கு வந்துவிட்டது. நான் 'ம்' கொட்டினேன், பக்கத்தைப் புரட்டினேன். பத்து வருஷமாக மெஷினில் நிற்கிறவளின் விரலுக்குத் தெரிந்ததைத்தான் நான் மூன்று மாதம் கழித்துச் சீவிப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தேன்.

"இது எப்ப தெரிஞ்சிச்சு உங்களுக்கு?"

"பன்னெண்டு நாள் ஆச்சு."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாளியை எடுத்தாள்.

வெளியேறிய பிறகு மூன்று தொழிற்சாலையில் வேலை கேட்டதாகச் சொன்னாள். மூன்று பேரும் எங்கள் ஆபிஸுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். மூன்று பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். தோட்டத்து வேனில் வரும் பிள்ளைகள்கூட அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம். அவள் அம்மா மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் பழைய வெட்டுக்கத்தியைத் தீட்டிக் கொடுத்தாராம்.

"மறுபடி வேலைக்கு வா அஞ்சலை. நான் லிம்கிட்ட பேசுறேன்."

"வேல கெடக்கட்டும்," என்றாள். "எல்லாரையும் நிக்க வச்சுதானே சொன்னாங்க. அவங்க எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிப் போடச் சொல்லுங்க. மலாய்ல, இங்கிலீஷ்ல, தமிழ்லயும். நம்ம பிள்ளைங்க பாதிப் பேரு தமிழ்தான் நல்லா படிக்கும்."

பால் நிறுக்கும் ஸ்டோருக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

லிம் சொன்னது

மறுநாள் இரண்டாவது அறிக்கையோடு மேனேஜர் முன்னால் நின்றேன். முதல் அறிக்கை தவறு என்று அதன் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.

"கோளாறு நின்றுவிட்டதே, பாக்கியம். பழையதை ஏன் கிளறவேண்டும்?" என்று கேட்டார்.

"வாடிக்கையாளருக்குப் போன காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது, மிஸ்டர் லிம். அதற்குமேல் இனி எந்தக் காகிதத்திலும் நான் கையெழுத்துப் போட முடியாது, இதைச் சரி செய்யாமல்."

அவர் சீவல் படங்களை நெடுநேரம் பார்த்தார். காற்றாடியில் காகிதங்கள் படபடத்தன. அவற்றின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"சூட்டைக் குறைக்கச் சொன்னது நான்தான்," என்றார் கடைசியில்.

அதற்குமேல் அவர் வாதாடவில்லை. எல்லாரும் படிக்கவேண்டிய அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் அவரே எழுதினார். தமிழை என்னை எழுதச் சொன்னார்.

அஞ்சலை எங்கள் தொழிற்சாலைக்கு வேலைக்குத் திரும்பி வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். லிம் கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டி அதே வட்டாரத்தில் வேறோர் இடத்தில் சேர்ந்தாள். அங்கே சூப்பர்வைசர் ஆகி, அங்கேயே ஓய்வு பெற்றாள். அவள் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, போனேன். பந்தியில் எனக்கு அவளே பரிமாறினாள். அந்தப் பழைய அறையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

தகவல் பலகை

பலகையில் அறிவிப்பு ஒட்டிய அன்று மதியம், நான் சொல்லி அனுப்பியதன்பேரில் அஞ்சலை வந்தாள். வருகையாளர் அட்டையைச் சட்டையில் குத்தியிருந்தாள். ஷிப்ட் மாறும் நேரம். கேன்டீன் வாசலில் நீலச் சட்டைகள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. அவளைப் பார்த்ததும் பலர் நின்றுவிட்டார்கள்.

மலாயில் இருந்ததை முதலில் படித்தாள். ஆங்கிலத்தை விட்டுவிட்டாள். தமிழுக்கு வந்தாள். நல்ல தாளில், நல்ல கையெழுத்தில், இரண்டு தடவை திருத்தி நான் எழுதியது. ஒன்பதாம் மெஷினில் பழைய பிளாஸ்டிக் கலக்கப்படவில்லை. மோல்டின் சூடு குறைந்ததே கோளாறுக்குக் காரணம். ஆய்வுக்கூட அறிக்கையில் தவறு ஏற்பட்டுவிட்டது. அதனால் பாதிக்கப்பட்ட செல்வி அஞ்சலையிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்.

அவள் விரல் மூன்றாவது வரியில் நின்றது.

"தவறு ஏற்பட்டுவிட்டதா?" என்றாள். "மழையா அது, அதுவா வர்றதுக்கு?"

அவள் விரல் அந்த வரியை விட்டு நகரவில்லை.

"யாரு எழுதுன ரிப்போர்ட்டு? உன் பேரு எங்க பாக்கியம் இதுல?"

பின்னால் யாரோ தட்டை வைக்கும் சத்தம் கேட்டது. 

கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். 'ஏற்பட்டுவிட்டது' என்பதை அடித்தேன். அதன்மேல் 'செய்துவிட்டேன்' என்று எழுதினேன். கீழே, 'இந்த அறிக்கையை எழுதியவள் நான்' என்று எழுதி என் முழுப்பெயரையும் எழுதினேன். பலகை நிமிர்ந்து நின்றதால் பேனாவில் மை இறங்கவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தடவை அழுத்தி எழுதவேண்டியிருந்தது.

அஞ்சலை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். இந்தத் தடவை வாய்விட்டு, தமிழ்ப்பள்ளியில் எழுந்து நின்று படிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கும்படி. என் பெயரையும் படித்தாள்.

"இப்ப சரி," என்றாள்.

அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் காவலாளியிடம் போய்விட்டாள். நான் பலகைக்கு ஓரமாக ஒதுங்கி நின்றேன். நீலச் சட்டைப் பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து படித்தார்கள். சிலர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடைசிப் பெண் படித்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.